இணைப்பும் படிவமும் செயலைச் சென்றடையுமாறு

பரீட்சைப் பெறுபேற்றினை நெல்லியடியில் வீட்டிலிருந்தவாறே அறிதல் எம்மூர்ச் சிறுவர்க்கு இன்று வியப்பன்று. பரீட்சைத் திணைக்களத்தின் வலைத்தளத்திற் சுட்டெண்ணை ஒரு கட்டத்துள் இட்டுப் பொத்தானை அழுத்துவர். மறுகணம் விடை திரையில் தோன்றும். அழுத்துதற்கும் விடைக்கும் இடையே நிகழ்வது யாது? கணினித் துறை சாராத பழைய மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு அதனை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

கச்சேரிக்கு அலுவலாகச் சென்று வந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். காணி விடயத்துக்கு ஓர் இலிகிதர், ஓய்வூதியத்துக்கு மற்றோர் இலிகிதர். வந்தவர் சொல்லும் அலுவலைக் கேட்டு, உரிய மேசையைக் காட்ட ஒருவர் வாயிலிற் வேண்டும். வலைத்தளத்தைத் தாங்கி நிற்கும் கணினியை வழங்கி என்பர். அதனுள்ளும் செயல்நிரல்கள் பலவுண்டு. ஒன்று தேடும், ஒன்று பதியும், ஒன்று நீக்கும். நாம் தொடும் இணைப்பும் நிரப்பும் படிவமும் ஒரு முகவரியை ஏந்தி அங்கே செல்கின்றன. அம்முகவரி எச்செயல்நிரலுக்கு உரியது எனத் தீர்மானித்தலே வழிப்படுத்தல் ஆகும். வலைத்தளம் ஆக்குவோர் கையாளும் சட்டகங்கள் பலவும் இப்பணியைத் தம்முள் ஒரு பகுதியாகக் கொண்டுள்ளன.

அதனைச் செய்யும் வழிகளுள் இரண்டினை இங்குக் கூறுவோம். முகவரிகளையும் செயல்களையும் ஓர் அட்டவணையில் எழுதி வைப்பது ஒன்று. 2000ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ற்றட்ஸ் என்னும் ஜாவாச் சட்டகம் இவ்வழிச் சென்றது. முகவரியிலுள்ள சொற்களைக் கொண்டே செயல்நிரலின் பெயரை அமைத்துக்கொள்வது மற்றையது. இதற்கு உதாரணந் தேடி அயல்நாடு போகவேண்டியதில்லை.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. எமது வடமராட்சியிற் பருத்தித்துறை, மணற்காடு, உடுத்துறைக் கரைகளும் தப்பவில்லை. அவ்வேளை இலங்கைக் கணினி வல்லுநர் தொண்டர்களாய்க் கூடி, நிவாரணப் பணிக்கென ஒரு மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் ‘சகானா’ என்பதே அதன் பெயர். காணாமற்போனோர், முகாம்கள், தொண்டு நிறுவனங்கள், உதவிக் கோரிக்கைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் அதில் இருந்தன. 2005இற் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறநிறுவனம் சமூகநலனுக்கென வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. இதனை எம்மவர் இன்னும் நன்கு அறிந்திலர் என்பது எமக்கு வருத்தமே.

பி.எச்.பி. மொழியில் அமைந்த அச்சகானாவில் வாயில் ஒன்றே. எல்லா இணைப்புகளும் எல்லாப் படிவங்களும் ஒரே தொடக்கக் கோப்புக்கு வரும். முகவரியில் ‘மொட்’ என்னும் குறி எப்பதிவேடு என்பதையும், ‘அக்ற்’ என்னும் குறி என்ன செயல் என்பதையும் கூறும். வாயிற்கோப்பு இவ்விரு சொற்களையும் இணைத்து, முன்னே ‘எஸ்.எச்.என்.’ என்னும் மூன்றெழுத்தைச் சேர்த்து, அப்பெயருடைய செயல்நிரலை அழைக்கும். செயல் குறிப்பிடப்படாவிடின் அப்பதிவேட்டின் இயல்பான முகப்பு தோன்றும். புதிய செயலொன்று வேண்டின் உரிய பெயரில் ஒரு செயல்நிரலை எழுதினாற் போதும். அட்டவணை எதனையும் திருத்த வேண்டியதில்லை. அவசர காலத்திற் பலர் பல இடங்களிலிருந்து எழுதும் மென்பொருளுக்கு இது எத்துணை வாய்ப்பு!

அம்மூன்றெழுத்து வெறும் அலங்காரமன்று. முகவரியை எவரும் தம் கையால் மாற்றி எழுதலாம். முன்னொட்டு இல்லையெனின், அந்நியன் எழுதும் எப்பெயரையும் வழங்கி செயல்நிரலின் பெயராகக் கொண்டு இயக்கிவிடும். முன்னொட்டு உடையனவே வெளியார் அழைத்தற்குரியன, ஏனையவை உள்வீட்டுக்குரியன.

நிற்க, எச்செயல் என்பதை மட்டுமே முகவரி சொல்லும். எம்முறையில் வந்தது என்பது வேறு. உலாவி வழங்கியிடம் செல்லும் முறைகளுள் ‘கெற்’, ‘போஸ்ற்’ என இரண்டு முக்கியமானவை. முன்னையது பார்த்தற்கு, பின்னையது ஒன்றைக் கொடுத்து மாற்றுதற்கு. இணைப்பு எப்போதும் கெற் முறையிற் செல்லும். படிவம் இரண்டிலொன்றைக் கைக்கொள்ளும். பலர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாது ‘நீக்கு’ என்பதையும் வெறும் இணைப்பாக வைத்தனர். 2005ஆம் ஆண்டு மே மாதத்திற் கூகிள் நிறுவனம், பயனர் தொடுமுன்னரே பக்கத்திலுள்ள இணைப்புகளைத் தானே பின்தொடர்ந்து பக்கங்களை எடுத்துவைக்கும் வேகமூட்டியொன்றை வெளியிட்டது. அது ‘நீக்கு’ இணைப்புகளையும் பின்தொடர்ந்தது. சில தளங்களிற் பயனரின் பதிவுகள் அவர் அறியாமலே அழிந்தன. வேகமூட்டியைக் குறைகூறினோர் பலர். எமது எண்ணம் வேறு: கெற் முறையால் எதனையும் மாற்றலாகாதென்பது முன்னரே எழுதப்பட்டிருந்த விதி. காணாமற்போனோர் பதிவேட்டில் இங்ஙனம் ஒரு பெயர் அழியின், முகாமுக்கு முகாம் மகனைத் தேடும் தாய்க்கு யார் என்ன விடை கூறுவர்?

இணைப்பை மறைத்துவிட்டாற் செயலும் காக்கப்பட்டதென எண்ணுவதும் தவறாம். நீக்கும் பொத்தான் பொதுமக்கள் திரையில் தோன்றாதிருக்கலாம்; முகவரியை அறிந்தவன் அதனை நேரே எழுதி அனுப்புவான். ஆதலின் வந்தவர்க்கு உரிமையுண்டோ என்னும் சோதனை செயல்நிரலை இயக்குமுன் வழங்கியிலேயே நிகழ்தல் வேண்டும்.

இன்னுமொன்று உண்டு. பதற்றத்தோடிருப்பவர் பதிவுப் பொத்தானை அழுத்தியபின், பக்கத்தைப் புதுப்பிப்பது வழக்கம். உலாவி படிவத்தை மீண்டும் அனுப்ப, ஒரே பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருமுறை ஏறும். இதைத் தவிர்க்க, வழங்கி பதிவை முடித்ததும் பக்கத்தை உடனே தாராது, 303 என்னும் குறியோடு வேறொரு முகவரியைக் காட்டும். உலாவி அவ்விடத்துக்குக் கெற் முறையிற் செல்லும். அதன்பின் எத்தனை முறை புதுப்பித்தாலும், பதிவான ஒரு பெயரே மீண்டும் மீண்டும் திரையில் தோன்றும்.