ஆட்டம் யாருக்குச் சொந்தம், மக்கா?

வாரத்தில் ஒரு நாள்தான் ஆபீஸ் கிடையாது. அன்றைக்காவது எட்டு மணி வரை தூங்கலாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். ஆறரைக்கே போன். வடசேரியிலிருந்து அக்கா.

''லே, நீ கொஞ்சம் வந்துட்டுப் போ. இவன் ராத்திரி பூரா உறங்கல்ல. என்னமோ ஸ்ட்ரைக்காம்.''

இருபது வருஷமாகக் கிளார்க் வேலை பார்ப்பவனுக்கு ஸ்ட்ரைக் என்றால் தொழிற்சங்கம்தானே ஞாபகம் வரும்? 'வேலையே கிடைக்காத பயலுக்கு எதுக்கு ஸ்ட்ரைக்?' என்று யோசித்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அக்கா மகன் என்ஜினீயரிங் முடித்தவன். கம்ப்யூட்டரில் கேம் ஆடி, ஆடுவதை அப்படியே வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் போடுகிறான். 'நீ ஆடுறதை எவன்லே உட்கார்ந்து பார்ப்பான்?' என்று நானே கேலி பண்ணியிருக்கிறேன். பார்க்கிறார்கள் சார், ஆயிரக்கணக்கில்! விளம்பரக் காசில் போன தீபாவளிக்கு அக்காவுக்கு கிரைண்டர் வாங்கித் தந்தான். அன்றோடு நான் கேலியை நிறுத்திக்கொண்டேன்.

''மாமா, மூணு ஸ்ட்ரைக் வந்தா சேனலே காலி. ரெண்டு வந்தாச்சு. ரெண்டு வருஷ உழைப்பு மாமா!'' என்றான். கண் சிவந்திருந்தது.

குற்றம்? காப்பிரைட். முதல் ஸ்ட்ரைக், ஒரு கதை கேமை ஆரம்பம் முதல் கிளைமாக்ஸ் வரை ஒரு வார்த்தை பேசாமல் ஆடிப் போட்டதற்கு. இரண்டாவது, இன்னொரு கேமில் என்னென்ன ஓட்டை என்று பன்னிரண்டு நிமிஷம் கிழித்துத் தோரணம் கட்டியதற்கு. போதாக்குறைக்கு வேறொரு வீடியோவில், கேமுக்குள் ஓடும் காரின் ரேடியோவில் பாட்டு வந்துவிட்டது. அதற்கு ஸ்ட்ரைக் இல்லை. ஆனால் விளம்பரக் காசு பாட்டுக் கம்பெனிக்குப் போகிறது.

''இது எல்லாம் ஃபேர் யூஸ் மாமா. மூணுக்கும் எதிர் மனு எழுதப் போறேன்.''

மனு என்றால் என் சாம்ராஜ்யம். ஆனால் பொய்யாக எழுதிய மனு என்னவாகும் என்பதும் எனக்குத் தெரியும். ''பொறு மக்கா'' என்று சொல்லி வக்கீல் நண்பரிடம் கூட்டிப் போனேன். கட்டணம்: ஒரு டீ, இரண்டு ரசவடை.

* * *

வக்கீல் முதல் வடையிலேயே பயலின் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக உடைத்தார்.

''நான் காசு கொடுத்து வாங்கின கேம் சார்!''

''சினிமா சி.டி. வாங்கினா கொட்டகை கட்டிப் படம் ஓட்டலாமா டே? ஆடத்தான் உரிமை. ஊருக்குக் காட்ட இல்லை.''

''முப்பது செகண்டுக்குள்ள இருந்தா தப்பில்லைன்னு சொல்லுதாங்களே?''

''எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு கிடையாது.''

''கீழே 'காப்பிரைட்டை மீறும் எண்ணம் இல்லை'ன்னு போட்டிருக்கேனே?''

''பாக்கெட்டில் கை விடும்போது 'திருடும் எண்ணம் இல்லை'ன்னு சீட்டு காட்டுற மாதிரி!''

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். பயல் சொல்லும் 'ஃபேர் யூஸ்' அமெரிக்கச் சமாச்சாரம். அவர்களுடைய 1976-ம் வருஷச் சட்டம் நான்கு கேள்விகளைக் கொடுத்து, எடை போடும் வேலையை நீதிபதியிடம் விட்டுவிடுகிறது. நம்முடைய 1957-ம் வருஷச் சட்டத்தில் 52-வது பிரிவு இருக்கிறது. அதில் 'நியாயமான கையாளுகை' என்று மூன்று காரியங்களுக்குத்தான் இடம்: சொந்த உபயோகம் மற்றும் ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி. ஜாலிக்காக ஆடிக் காட்டுவது பட்டியலில் இல்லை.

''அப்பம் இத்தனை பேர் ஆடிப் போடுறாங்களே, எப்படி?'' என்று நான் கேட்டேன்.

''கம்பெனிகளின் தயவு! கேம் விற்க இதைவிட நல்ல இலவச விளம்பரம் ஏது? மைக்ரோசாஃப்ட் மாதிரி கம்பெனிகள் இன்னின்னது செய்யலாம் என்று எழுத்திலேயே அனுமதி தந்திருக்கின்றன. ஆனால் அனுமதி வேறு, உரிமை வேறு. கொடுத்தவன் திருப்பியும் வாங்கலாம்.''

அப்படி வாங்கிய கதைகளும் உண்டு. 2013-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி, தன் கேம்களை ஆடிப் போட்டவர்களின் யூடியூப் வீடியோக்களுக்கு வந்த விளம்பரக் காசைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. 2015-ல் ஒரு திட்டம் போட்டு, கைக்கு வரும் பணத்தில் 60 அல்லது 70 சதவீதம் ஆடியவருக்கு என்றது. 2018-ல் அந்தத் திட்டத்தையும் மூடிவிட்டு, 'உங்கள் சொந்தக் கற்பனையும் பேச்சும் இருந்தால் போடுங்கள், வெறுமனே நகல் எடுத்தால் கூடாது' என்று விதியை மாற்றியது.

அதே ஜப்பானில் 2023-ல் ஒருவரைப் போலீஸ் கைதே செய்தது. கதையை மட்டுமே நம்பி நிற்கும் ஒரு கேமை முடிவு வரை ஆடிப் போட்டு, விளம்பரக் காசும் பார்த்திருந்தார். இரண்டு வருஷ ஜெயில் (ஐந்து வருஷத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது), பத்து லட்சம் யென் அபராதம்.

இதைக் கேட்டதும் பயல் வடையைக் கீழே வைத்துவிட்டான்.

* * *

''பயப்படாதே. உன் விமர்சன வீடியோவுக்கு நம்ம பக்கத்து ஊர்த் தீர்ப்பே துணைக்கு இருக்கு'' என்றார் வக்கீல். (1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவிதாங்கூர் பக்கம்தானே! கேரளம் எங்களுக்கு இன்னும் பக்கத்து வீடு மாதிரி.)

தோப்பில் பாசி எழுதிய 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' 1952-ல் வந்து கேரளத்தையே கலக்கிய நாடகம். பிற்காலத்தில் சிவிக் சந்திரன் என்பவர் அதற்கு எதிர் நாடகம் எழுதினார். அதே பாத்திரங்கள், அசலிலிருந்து நிறைய வசனங்கள், ஆனால் கேட்பதெல்லாம் எதிர்க் கேள்விகள். பாசியின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்த்தது. எவ்வளவு எடுத்தார்? எதற்காக எடுத்தார்? இது அசலோடு போட்டி போடுமா? எடுத்தது நிறையத்தான். ஆனாலும் விமர்சிக்கவே எடுத்தார். இதைப் பார்த்துவிட்டு யாரும் அசலை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. எதிர் நாடகத்துக்குத் தடை கூடாது என்பதே முடிவு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்க் கோவில் கொடையில் வில்லுப்பாட்டு. முத்துப்பட்டன் கதை தெரியாதவர் நாஞ்சில் நாட்டில் யார்? தெரிந்த கதையை விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறோமே, எதற்கு? புலவர் நடுவில் நிறுத்தி ஊர் நியாயம் சொல்வார், கிண்டல் பண்ணுவார், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். அதற்குத்தான் கூட்டம். முத்துப்பட்டனுக்கு உரிமை கேட்க யாரும் இல்லை. கேமுக்கு ஆள் இருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஜனங்கள் வருவது கதைக்கா, சொல்கிறவனுக்கா?

பயலிடம் அதையே கேட்டேன். ''அந்தப் பேசாத வீடியோவைப் பார்த்தவன் பொறவு கேமை வாங்குவானாடே?''

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ''வாங்க மாட்டான் மாமா. முடிவு தெரிஞ்சு போச்சே'' என்றான்.

* * *

எதிர் மனு ஒன்றே ஒன்றுதான் எழுதினோம், விமர்சன வீடியோவுக்கு. எந்தக் காட்சியை எந்தக் குறையைக் காட்ட எடுத்தான் என்று நிமிஷ வாரியாக, ஆபீஸ் நோட் போடுவது மாதிரி நானே எழுதிக் கொடுத்தேன். (நம் சட்டத்திலும் 21 நாள் கணக்கு ஒன்று உண்டு. புகார் தருபவர் அதற்குள் கோர்ட் உத்தரவு வாங்கி வராவிட்டால், தளம் வீடியோவைத் திரும்ப வைக்கலாம்.) சில வாரத்தில் வீடியோ திரும்பி வந்தது, அந்த ஸ்ட்ரைக்கும் போனது.

பேசாத வீடியோக்களை அவனே அழித்தான். கார் ரேடியோவை அணைத்துவிட்டு ஆடுகிறான். 'சைபர்பங்க் 2077' போன்ற கேம்களில் உரிமைப் பாட்டுகளை நிறுத்துவதற்கென்றே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்களாம். தீயவனை விரட்ட மந்திரம் மாதிரி, முதலில் அதைத்தான் தட்டுகிறான்.

எல்லாம் சுபம். ஒரே ஒரு கஷ்டம். ''பேசிக்கிட்டே ஆடணும்னா எனக்குப் பேச்சு வரல்ல மாமா. பக்கத்துல ஆள் வேணும்'' என்கிறான். எனவே இப்போதெல்லாம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வடசேரியில் அவன் ஆட, பக்கத்தில் உட்கார்ந்து நான் 'ஆமா' போடுகிறேன்.

எட்டு மணித் தூக்கம் போச்சு. இந்த உரிமை மீறலுக்கு எந்தப் பிரிவில் நிவாரணம் என்று வக்கீலைக் கேட்க வேண்டும்... இரண்டு ரசவடை செலவாகும்!