புதுக் கட்டடம், பூட்டிய கதவு

2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஜாக்சன் கவுண்டி மக்கள் ஒரு வாக்கெடுப்பில் கலந்துகொண்டார்கள். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம். அங்குள்ள 15 நூலகங்களையும் புதுப்பிக்க, தேவையான இடங்களில் புதிதாகவே கட்ட, 3.89 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிடலாமா என்பது கேள்வி. அந்தக் கடனைச் சொத்துவரியோடு சேர்த்து மக்களே அடைக்க வேண்டும். தெரிந்தே சம்மதித்தார்கள்.

வேலை நடந்தது. மெட்ஃபோர்டில் புதிய மைய நூலகம் 2004இல் திறக்கப்பட்டது. ஆஷ்லாந்து நூலகம் விரிவாக்கப்பட்டது. சுமார் 440 பேர் வசித்த பியூட் ஃபால்ஸ் என்ற மலையடி ஊரும் பட்டியலில் இருந்தது. 2007 பிறந்தபோது பணிகள் ஏறக்குறைய முடிந்திருந்தன.

2007 ஏப்ரலில் 15 நூலகங்களும் மூடப்பட்டன. கட்டடங்களில் பழுதில்லை. வாசகர்களும் குறையவில்லை. விளக்கெரிக்கவும் சம்பளம் கொடுக்கவும் பணம் இல்லை. கடன்பத்திரத்தில் திரட்டிய பணத்தைக் கட்டடத்துக்குத்தான் செலவிடலாம். சம்பளத்துக்குத் தொட முடியாது. கடன் தவணையோ நிற்கவில்லை. பூட்டிய நூலகத்துக்கு மக்கள் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றாடச் செலவுக்கான பணம் அதுவரை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மரத்திலிருந்து வந்தது.

1866இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஓரிகனிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ரயில்பாதை போட நிலம் மானியமாகக் கொடுத்தது. குடியேறுவோருக்கு மலிவு விலையில் அதை விற்க வேண்டும் என்பது நிபந்தனை. ரயில் நிறுவனம் நிபந்தனையை மீறியது. 1916இல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அது அடர்ந்த காடு. அரசு நிலம் என்பதால் அதன்மீது உள்ளூர் சொத்துவரி கிடையாது. அந்த இழப்பை ஈடுகட்ட 1937இல் ஒரு சட்டம் வந்தது. அங்கே வெட்டி விற்கும் மரத்தின் வருமானத்தில் ஒரு பங்கு 18 கவுண்டிகளுக்குப் போகும். சாலை, காவல், நூலகம் எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தன. உள்ளூர் வரியை உயர்த்த அவசியம் இருக்கவில்லை. ஜாக்சனுக்குப் பக்கத்திலுள்ள ஜோசஃபைன் கவுண்டியின் நிரந்தர வரி, 1,000 டாலர் சொத்து மதிப்புக்கு 59 சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. மாநிலத்தின் மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று.

1990 ஜூனில் அந்தக் காடுகளில் வாழும் வடபுலப் புள்ளி ஆந்தை, அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாகப் பட்டியலிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நீதிமன்றத் தடைகளும் 1994இன் வனத் திட்டமும் வந்தன. அரசு நிலத்தில் மரவெட்டு 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. உள்ளூரில் பலர் ஆந்தையைப் பழித்தார்கள். ஒரே வருமானத்தில் ஒரு வட்டாரம் முழுவதையும் ஓட்டியவர்களைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. எழுந்திருக்க வேண்டும்.

1997இல் இன்னொரு கதவு அடைபட்டது. அந்த ஆண்டு ஏற்கப்பட்ட மாநில அரசியலமைப்புத் திருத்தம், ஒவ்வொரு உள்ளாட்சியின் நிரந்தர வரி விகிதத்தையும் அன்றைய வரி அளவை ஒட்டி நிலையாக நிறுத்தியது. வரிக்கான சொத்து மதிப்பும் ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது. மரப்பணத்தால் வரியைத் தாழ்வாக வைத்திருந்த கவுண்டிகள், அந்தத் தாழ்ந்த விகிதத்தோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டன. மேற்கொண்டு பணம் வேண்டுமென்றால் வாக்கெடுப்பு ஒன்றே வழி.

2000 அக்டோபரில் மத்திய அரசு ஓர் இடைக்கால உதவிச் சட்டம் கொண்டுவந்தது. 1986க்கும் 1999க்கும் இடையே அதிகம் கிடைத்த மூன்று ஆண்டுகளின் சராசரியைக் கணக்கிட்டு, மரம் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அந்தத் தொகையைக் கொடுத்தது. ஆயுள் ஆறு ஆண்டு. முடியும் தேதி சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஜாக்சன் கவுண்டியில் கட்டடங்கள் எழுந்தது இந்த ஆறு ஆண்டுகளில்தான்.

2006இல் சட்டம் காலாவதியானது. அதே ஆண்டு நவம்பரில், நூலகத்தை நடத்துவதற்கான தனி வரி ஜாக்சன் கவுண்டியில் வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்றது. ஏப்ரலில் கதவுகள் மூடின. மே மாதம் மறுபடி வாக்கெடுப்பு. மூடிய கதவைப் பார்த்த பிறகும் தோற்றது. கட்டுவதற்குச் சம்மதித்த அதே கவுண்டி, நடத்துவதற்குச் சம்மதிக்கவில்லை.

மத்திய அரசின் உதவி ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டதால் அக்டோபரில் நூலகங்கள் திறந்தன. முன்பைவிடக் குறைந்த நேரம். நிர்வாகம் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்குப் போனது. வேலைக்குத் திரும்பிய நூலகர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களாகத் திரும்பினார்கள். அரசு ஓய்வூதியத் திட்டம் அவர்களுக்கு இல்லாமல் போனது. நூலகத்துக்காக மட்டும் வரி விதிக்கும் உரிமை பெற்ற தனி அமைப்பை உருவாக்க மக்கள் வாக்களித்தது 2014 மே மாதம். தனியார் ஒப்பந்தம் 2020இல்தான் முடிந்தது.

பக்கத்து ஜோசஃபைன் கவுண்டியின் 4 நூலகங்களும் 2007 மே மாதம் மூடின. உள்ளூர் மக்கள் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். நன்கொடை திரட்டினார்கள். கிரான்ட்ஸ் பாஸ் நூலகத்தை 2008 டிசம்பரில் திறந்தார்கள். மற்றவை பின்னர் திறந்தன. தன்னார்வலர்களின் உழைப்பு அவற்றைத் தாங்கியது. அது பெரிய காரியம். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அடுத்த ஆண்டுக்கான பணத்தைத் தேட வேண்டியிருந்தது. நிலையான வரிக்கான முயற்சி 2014இல் தோற்று, 2017 மே மாதம் வென்றது. மூடியதிலிருந்து 10 ஆண்டு.

இந்த இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தது டக்ளஸ் கவுண்டி. அங்கே 11 நூலகங்கள். 2016 நவம்பரில், 1,000 டாலர் சொத்து மதிப்புக்கு 44 சென்ட் வரி கேட்கப்பட்டது. 1,50,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 66 டாலர். தோற்றது. 2017 வசந்தத்தில் 10 கிளைகள் மூடின. மே மாத இறுதியில் ரோஸ்பர்க் மைய நூலகமும் மூடியது.

ரோஸ்பர்க் நகராட்சி அந்தக் கட்டடத்தை ஏற்று, ஒரு கல்வி அமைப்போடு இடத்தைப் பகிர்ந்து, அறக்கட்டளை நிதியோடும் ஊர்மக்கள் நன்கொடையோடும் புதுப்பித்துத் திறக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. திறந்தபோது அது நகராட்சி நூலகம். சிற்றூர்களில் பல நூலகங்களைத் தன்னார்வலர்கள் தனித்தனியாகத் திறந்தார்கள். கவுண்டி முழுவதற்குமான ஒரே நூலக நிர்வாகம் திரும்பவில்லை.

மூன்று கவுண்டிகளிலும் நூலகத்தை வெறுத்தவர்கள் யாரும் அதை மூடவில்லை. கட்டடத்துக்குக் கொடுப்பவருக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. நூலகரின் மாதச் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் நாளிதழ்ச் சந்தாவுக்கும் விழா கிடையாது. அந்தச் செலவோ கட்டடம் பெரிதாகப் பெரிதாக ஏறும்.

தமிழ்நாட்டில் இந்த அன்றாடச் செலவுக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது அது சொத்துவரியில் 10 விழுக்காடு. வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி. நூலகங்களை நடத்துவது மாவட்டத்தின் நூலக ஆணைக்குழு. பணம் முன்னதன் கணக்கிலிருந்து பின்னதன் கணக்குக்குப் போயாக வேண்டும். அது போகாமல் நிலுவையில் நிற்பது பலமுறை செய்தியாகியிருக்கிறது. வரி கட்டியவருக்கு அது தெரிவதில்லை. ரசீதில் கட்டியதாகத்தான் இருக்கும்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கேட்டு மனு எழுதுகிறீர்களா? 1,000 ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆகிறீர்களா? செய்யுங்கள். கூடவே, உங்கள் உள்ளாட்சி சென்ற ஆண்டு எவ்வளவு நூலக வரி வசூலித்தது, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது, நிலுவை எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.