குங்பூ கற்க ஓர் இடம் தேடி

நம் மதுரையில் குங்பூ கற்பிப்பதாகப் பலகை மாட்டிய இடங்களுக்குப் பஞ்சமில்லை. தக்கதைத் தெரிந்தெடுப்பதே அரிது. ஓர் ஆசிரியரின் பறக்கும் உதையைக் கண்டு மயங்கி, மூன்று மாதக் கட்டணத்தை ஒருசேரக் கட்டினேன். தசைகளைத் தளர்த்தும் பயிற்சி ஏதுமின்றி, இரண்டாம் வாரமே தலைக்கு மேல் உதைக்கச் சொன்னார். தொடைத்தசை கிழிந்து ஒரு மாதம் நொண்டினேன். பணமும் திரும்பவில்லை.

பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினேன். நெடுநாள் உழைப்பால் வரும் திறமை என்பதே 'குங்பூ' என்ற சொல்லின் பொருளாம்! ஆகவே ஆறே மாதத்தில் கறுப்புப் பட்டை தருவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். பட்டை வழக்கம் ஜப்பானிய ஜூடோவிலிருந்து பரவியது. பழைய சீனப் பள்ளிகளில் அது கிடையாது. சுவரில் போதிதருமர் படம் தொங்குவதும் சான்றாகாது.

எந்த முறை என்றும் கேளுங்கள். புரூஸ் லீ ஹாங்காங்கில் யிப் மானிடம் பயின்ற விங் சுன், நெருங்கி நின்று பெரும்பாலும் கைகளால் பொருவது. வட சீன முறைகளில் பாய்ச்சலும் உயர்ந்த உதையும் மிகுதி. போட்டிகளில் நாட்டமுள்ளோர்க்கு ஊஷூ உண்டு. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் அது இடம்பெற்றது.

சேருமுன் ஒரு மாலை ஓரமாக அமர்ந்து பாருங்கள். ஆசிரியரின் வித்தையை அன்று. கடைசி வரிசையில் தடுமாறும் புதியவரை அவர் எவ்வாறு திருத்துகிறார் என்பதை. இப்போது நான் செல்லுமிடத்தில் முதல் மாதம் முழுதும் குதிரை நிலைதான். கால் நடுங்குகிறது. கட்டணத்தை மட்டும் மாதாமாதம்தான் வாங்குகிறார்கள்.