உறைந்தும் ஓடும் அணுக்கள்

ஒரு பொருள் படிகமாக உறைந்திருக்கும்போதே உராய்வின்றி ஓடவும் முடியுமா? முடியும் என்று 1969இல் சோவியத் இயற்பியலாளர்கள் ஆண்ட்ரீவும் லிஃப்ஷிட்ஸும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்த விசித்திர நிலைக்குப் பெயர் மீத்திண்மம், அதாவது சூப்பர்சாலிட்.

முதலில் அதைத் திட ஹீலியத்தில்தான் தேடினார்கள். 2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிம், மோசஸ் சான் இருவரும் திட ஹீலியம் அடைத்த சிறு கலத்தை முறுக்கி அசையவிட்டார்கள். குளிர் 0.2 கெல்வின் அளவுக்கு இறங்கியதும் அசைவு வேகமெடுத்தது. ஹீலியத்தில் ஒரு பங்கு கலத்தோடு திரும்பாமல் விலகி நின்றதுபோல் தெரிந்தது. கடுங்குளிரில் ஹீலியம் விறைத்துக்கொள்வதாலும் இப்படி நேரலாம் என்பது பிறகு புரிந்தது. கருவியை மாற்றியமைத்து மீண்டும் அளந்த சான், பழைய அடையாளம் காணவில்லை என்று 2012இல் தாமே அறிவித்தார். உலகம் கொண்டாடிய முடிவைத் தன் கையாலேயே கலைக்கப் பெரிய மனம் வேண்டும்.

விடை வாயுவில் கிடைத்தது.

2019இல் இத்தாலியின் பீசா, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரங்களில் மூன்று குழுக்கள் அடுத்தடுத்து வென்றன. மூன்று குழுக்களுக்கும் கைகொடுத்தது டிஸ்புரோசியம் என்ற தனிமம். இன்ஸ்ப்ரூக் குழு எர்பியத்திலும் செய்துகாட்டியது. டிஸ்புரோசியத்தின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். லேசரால் பிடித்து, ஒரு கெல்வினின் பத்துக் கோடியில் சில பங்கு வரை குளிரவைத்தால், பல்லாயிரம் அணுக்கள் ஒரே குவாண்டம் அலையாகின்றன. காந்தப்புலத்தைச் சற்றே மாற்றினால் அந்த மேகம் தானாகவே துளித்துளியாகப் பிரிந்து வரிசை கட்டுகிறது. இதுதான் திண்மத்தின் முகம்.

ஓடும் முகத்துக்கு என்ன சான்று? லேசர் பிடியை அணைத்தார்கள். துளிகள் விரிந்து ஒன்றன்மேல் ஒன்று படர, வரிவரியாகக் கோலம் விழுந்தது. துளிகள் தனித்தனியாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வரிகள் இடம் மாறியிருக்கும். மாறவில்லை. துளிகளுக்கிடையே அணுக்கள் தடையின்றிப் போய்வருவதால் எல்லாத் துளிகளும் ஒரே தாளத்தில் இருந்தன.

2024இல் பிரான்செஸ்கா ஃபெர்லைனோவின் இன்ஸ்ப்ரூக் குழு, காந்தப்புலத்தைச் சுழற்றி மீத்திண்மத்தைக் கலக்கியது. துளிகளுக்கிடையே குவாண்டம் சுழல்கள் தோன்றின. உராய்வற்ற ஓட்டத்துக்கு அவை நேரடிச் சான்று. நியூட்ரான் விண்மீன்களின் சுழற்சி திடீரென வேகம் கூடுவதற்கும், அவற்றின் மேலோட்டில் சிக்கிய இத்தகைய சுழல்கள் விடுபடுவதே காரணம் என்று கருதப்படுகிறது. அதைக் கணினி மாதிரிகளில் ஆராயவும் மீத்திண்மம் இப்போது பயன்படுகிறது.