எதிராளி எடுத்துக்கொண்டால் என்ன?

"வார்டு தேர்தலில் நிற்க நினைக்கிறேன். ஏரியின் வரத்துக்கால்வாயைச் சீரமைக்கத் திட்டம் வைத்திருக்கிறேன். முன்பே அச்சடித்துக் கொடுத்தால் எதிராளி எடுத்துக்கொள்வாரே?" என்று கேட்கிறார் மேனாம்பேட்டு வாசகர் ஒருவர்.

எடுத்துக்கொள்ளட்டும். கட்சி பேசுவது என் வேலையல்ல, நடந்ததைச் சொல்கிறேன். பாட்டாளி மக்கள் கட்சி 2008 முதல் ஆண்டுதோறும் வேளாண்மைக்கென நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிட்டு வருகிறது. ஆட்சியில் இல்லாமலே, தன் யோசனைகளை எல்லோரும் படிக்கும்படி வைத்தது. 2021 தேர்தலில் எதிரணியில் இருந்த தி.மு.க., வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் என்று வாக்குறுதி தந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 14-ல் அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் தமிழகத்தின் முதல் வேளாண் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். பெருமை யாருக்கு என்ற வாதம் இருக்கட்டும். பல துறைகளில் சிதறிக் கிடந்த ஒதுக்கீட்டை விவசாயி இன்று ஒரே இடத்தில் பார்த்துக் கேள்வி கேட்க முடிகிறது.

நல்ல விதையைப் பக்கத்து வயலுக்கும் கொடுத்தவர், தன் பயிர் அழிந்தாலும் அங்கே போய் விதை வாங்கிக்கொள்வார்.

உங்கள் திட்டத்தையும் என்ன வேலை, எவ்வளவு செலவு, எத்தனை மாதம் என்று ஒரே தாளில் எழுதுங்கள். வீடுதோறும் கொடுங்கள், எதிராளிக்கும் கொடுங்கள். நீங்கள் தோற்றாலும், வென்றவரிடம் அதே தாளைக் காட்டி ஊரே வேலை கேட்கலாம்.