பட்டத்துக்கு முன் ஒரு கேள்வி

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், இளநிலைப் பட்டப்படிப்பின் நான்காம் ஆண்டில், அதுவரை கற்ற அனைத்தையும் ஒரே ஒரு கேள்வியின் மீது செலுத்திப் பார்க்குமாறு மாணவரைப் பணிக்கும் நிறைவுப் பாடம் ஒன்று உண்டு. கேப்ஸ்டோன் என்று அங்கு வழங்கும் இப்பாடத்தில் மனப்பாடம் செய்வதற்குரிய நூல் இல்லை. விடை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட வினாத்தாளும் இல்லை. மாணவர் தாமே ஒரு கேள்வியைக் கண்டெடுத்து, அதற்கு வேண்டிய சான்றுகளைப் பல துறைகளிலிருந்தும் திரட்டி, அவை எவ்வளவு நம்பத்தக்கவை என்று சோதித்து, தாம் அடைந்த முடிவைப் பிறர் மறுத்துப் பார்க்கத்தக்க தெளிவோடு எழுதி, நெறியாளர் முன்னும் சக மாணவர் முன்னும் அதற்குப் பொறுப்பேற்றுப் பேச வேண்டும். பட்டம் வாங்குவதற்கான சடங்காக இதைக் கடந்துவிடுபவர்கள் எல்லா இடங்களிலும் இருக்கிறார்கள் என்றாலும், ஒருவருக்குக் கல்லூரி உண்மையில் என்ன கற்றுத் தந்தது என்பதை இந்த அளவுக்கு வெளிப்படுத்தும் பாடம் வேறில்லை.

நான்காம் ஆண்டில் படிப்பைத் தொகுத்துக் காட்டும் வழக்கம் அங்கே பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், கல்லூரித் தலைவரே இறுதியாண்டு மாணவர்களுக்கு அறவியல் பாடத்தை நடத்தி, மொழி, கணிதம், இயற்கை அறிவியல் என்று அவர்கள் கற்றவற்றையெல்லாம் சமய நம்பிக்கையும் நல்லொழுக்கமும் கலந்த ஒரே பார்வைக்குள் கொண்டுவர முயன்றார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ் கல்லூரியில் 1836 முதல் 1872 வரை தலைவராக இருந்த மார்க் ஹாப்கின்ஸ் இம்முறையில் பெரும்புகழ் பெற்றவர். 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்ல்ஸ் எலியட் விருப்பப் பாட முறையைப் பரப்பினார். 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஜெர்மானிய ஆய்வு முறையை அமெரிக்க மண்ணில் ஊன்றியது. துறைகள் தனித்தனியே வளர்ந்து ஆழம் பெற்றன. ஆனால் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் இடம் பாடத்திட்டத்திலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

அந்த இடத்தை மீட்க நடந்த முயற்சிகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் தலைவர் ஃபிராங்க் அய்டெலாட் 1922இல் ஆக்ஸ்ஃபர்டு முறையைத் தழுவிச் சிறப்புநிலைப் படிப்பைத் தொடங்கினார்; அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் சிறு குழுக்களில் ஆழ்ந்து படித்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் முன் தம்மை நிரூபித்தார்கள். ஒஹாயோவின் ஊஸ்டர் கல்லூரியில் தலைவராக இருந்த ஹோவார்ட் லௌரி, 1940களின் பிற்பகுதியில் அதே எண்ணத்தை எடுத்துக்கொண்டு அதன் எல்லையை மட்டும் மாற்றினார்: தனி ஆய்வு என்பது முதல் மதிப்பெண்காரர்களுக்குரிய பரிசாக இருக்கக் கூடாது, பட்டம் பெறும் ஒவ்வொருவரும் அதைச் செய்தாக வேண்டும் என்றார். இன்றும் ஊஸ்டரில் ஆய்வேடு எழுதாமல் எவரும் பட்டம் பெறுவதில்லை. லௌரியின் முடிவு துணிச்சலானது. அது சரியானதும் கூட. சான்றைக் கேட்டு முடிவு செய்யும் பழக்கம் அறிஞராகப் போகிறவருக்கு மட்டும் தேவைப்படுவது என்றால், வாக்களிக்கிறவருக்கும் மருந்து வாங்குகிறவருக்கும் நிலம் விற்கிறவருக்கும் அது தேவையில்லை என்று ஆகிவிடும்.

பிற்காலத்தில் தனி ஆய்வேட்டோடு குழுப் பணியும் சேர்ந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் பல்தொழில்நுட்பக் கழகம் 1970இல் தன் பாடத்திட்டத்தை அடியோடு திருத்தி, பொறியியல் மாணவர்கள் தொழில்நுட்பமும் சமூகமும் சந்திக்கும் ஏதேனும் ஒரு சிக்கலைக் குழுவாக ஆராய வேண்டும் என்று விதித்தது. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து அரசுப் பல்கலைக்கழகமோ 1990களின் நடுவில் தொடங்கிய புதிய பொதுக்கல்வித் திட்டத்தில், வெவ்வேறு துறை மாணவர்களைக் கலந்து, நகரத்தின் அமைப்புகளோடு இணைந்து உள்ளூர்ச் சிக்கல்களில் பணிபுரிய வைத்தது. 1998இல் வெளியான, இளநிலைக் கல்வியை ஆராய்ந்த பாயர் ஆணையத்தின் அறிக்கை ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களுக்கும் இத்தகைய நிறைவுப் பாடத்தைப் பரிந்துரைத்த பிறகு, அது விதிவிலக்காக இருந்த நிலை மாறி வழக்கமாகத் தொடங்கியது.

பல துறைகளை ஏன் கலக்க வேண்டும் என்பதை மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரக் குடிநீர் நெருக்கடி போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. சுற்றுச்சூழல், பொதுச் சுகாதாரம், அரசியல் என்று பல பாடங்களின் வகுப்புகளில் அது இன்று பேசப்படுவதற்கும் காரணம் இதுவே. நிதிநெருக்கடியில் இருந்த அந்நகரத்தை மாநில அரசு நியமித்த அவசரகால மேலாளர்கள் நிர்வகித்தபோது, செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஏரி நீரை நிறுத்தி, 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். ஆற்று நீரில் குளோரைடு மிகுதி; அது குழாய்களை அரிக்கும் தன்மையுடையது. அரிப்பைத் தடுக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட் உப்பும் சேர்க்கப்படவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்தும் பற்றவைப்புகளிலிருந்தும் ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. நிறமும் நாற்றமும் மாறிய நீரைப் புட்டிகளில் ஏந்தி மக்கள் கூட்டங்களில் முறையிட்டார்கள். உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை அதே ஆண்டு அக்டோபரில் அந்நீரைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. ஆயினும் நீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் சொல்லி வந்தனர்.

2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர்களும் ஊர் மக்களோடு சேர்ந்து வீட்டுக் குழாய் நீர் மாதிரிகளைச் சேகரித்து, ஈயம் கலந்திருப்பதைக் காட்டினார்கள். அந்த ஈயம் குழந்தைகளின் உடலில் சேர்கிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் ஹர்லி மருத்துவ மையத்தின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா. மாநிலத்தின் புள்ளிவிவரங்களோ கவலைப்படத்தக்க உயர்வு எதையும் காட்டவில்லை. விடை புவியியலிலிருந்து வந்தது. அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டு மாநிலம் குழந்தைகளை வகைப்படுத்தியிருந்தது. ஆனால் ஃபிளின்ட் அஞ்சல் குறியீடு கொண்ட முகவரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நகர எல்லைக்கு வெளியே, வேறு நீரைப் பயன்படுத்தும் பகுதிகளில் இருந்தது. புவியியலாளர் ரிக் சாட்லர் ஒவ்வொரு முகவரியையும் வரைபடத்தில் அதன் உண்மையான இடத்தில் பொருத்தியதும் உயர்வு வெளிப்பட்டது: இரத்தத்தில் ஈய அளவு கூடியிருந்த குழந்தைகளின் பங்கு, நீர் மாற்றத்துக்கு முன் 2.4 விழுக்காடாக இருந்தது, பின்னர் 4.9 விழுக்காடாகியிருந்தது. 2015 அக்டோபரில் நகரம் மீண்டும் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது.

இங்கே வேதியியல் இல்லாமல் ஈயம் எப்படி வந்தது என்று சொல்ல முடியாது. மருத்துவம் இல்லாமல் அதன் தீங்கைச் சொல்ல முடியாது. வரைபடம் இல்லாமல் தீங்கு கண்ணில் படவே படாது. நகராட்சி நிதியும் சட்டமும் தெரியாமல், மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் அம்முடிவை எடுக்க எப்படி முடிந்தது என்பதும் விளங்காது. துறைகளைக் கலப்பது என்பதை, ஆளுக்கு ஓர் இயலை எழுதி ஒன்றாகத் தைப்பது என்று பல கல்லூரிகளில் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஃபிளின்ட்டில் நடந்தது அதுவன்று. ஒரு துறையின் தரவில் இருந்த பிழையை இன்னொரு துறையின் கருவி கண்டுபிடித்தது. அந்தத் திருத்தம்தான் நிறைவுப் பாடத்தின் உண்மையான இலக்கு.

அவ்விலக்கை நோக்கிய பயணத்தில் கடினமான கட்டம் தொடக்கத்திலேயே வருகிறது. ‘நீர் மாசு’ என்று எழுதிக்கொண்டு வரும் மாணவர் ஒரு தலைப்பைக் கொண்டுவந்திருக்கிறாரே ஒழிய, கேள்வியைக் கொண்டுவரவில்லை. தலைப்புக்கு எல்லை இல்லாததால் அதைப் பற்றி எதையும் எழுதலாம், எதுவும் தவறாகாது. கேள்வியோ தவறான விடைக்கும் இடம் தருகிறது, ஆகவே சோதிக்கப்படக் கூடியது. எந்த ஊரின் எந்த நீர், எந்தக் காலத்தில், யாரைப் பாதித்தது, அப்படிப் பாதிக்கவில்லை என்றால் எந்தத் தரவு எப்படி இருக்கும் என்று நெறியாளர் அடுத்தடுத்துக் கேட்கும்போது, மாணவரின் அகன்ற ஆர்வம் படிப்படியாகக் குறுகி ஆராயத்தக்க அளவுக்கு வருகிறது. இதற்கே பல வாரங்கள் ஆகும். ஆய்வேட்டின் பக்க எண்ணிக்கையில் இவ்வாரங்களுக்குக் கணக்கு இல்லை என்றாலும், பாடத்தின் பெரும்பகுதிக் கல்வி இவற்றில்தான் நடக்கிறது.

அடுத்தது சான்றுகளின் நம்பகம். ஸ்டான்ஃபர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய இருவரும் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபர்டு மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையத் தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். மாணவர்களும், வியப்பூட்டும் வகையில் வரலாற்று அறிஞர்களில் பலரும், தளத்தின் தோற்றத்தையும் அதன் அடிக்குறிப்புகளையும் நம்பி, அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சிறிது நேரத்திலேயே அதை விட்டு வெளியேறி, இத்தளத்தை நடத்துவோர் யார், அவர்களைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர் பெற்ற இம்முறையை அதன்பின் பல கல்லூரிகள் கற்பிக்கத் தொடங்கின. ஆழ்ந்து படிக்கும் திறமை உள்ளவர்களும் எதை ஆழ்ந்து படிப்பது என்று தேர்ந்தெடுப்பதில் தடுமாறலாம் என்பதை அந்த ஆய்வு காட்டிற்று.

தேர்ந்தெடுத்த நூலை எப்படிப் படிக்கிறார்கள் என்பது வேறு கவலை. எழுத்துக் கல்வி ஆய்வாளர்களான ரெபேக்கா மூர் ஹோவர்டும் சாண்ட்ரா ஜேமிசனும் 16 கல்லூரிகளின் 174 மாணவர் கட்டுரைகளை மூல நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மேற்கோள்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு, மூலத்தின் முதல் இரண்டு பக்கங்களிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. ஒரு நூலின் முழு வாதத்தையும் உள்வாங்கிச் சுருக்கிச் சொன்ன இடங்கள் மிகச் சிலவே. சொற்களை ஆங்காங்கே மாற்றி மூல வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொள்ளும் எழுத்தையும் அவர்கள் நிறையக் கண்டார்கள். ஹோவர்ட் இதைத் திருட்டு என்று உடனே தண்டிப்பதை ஏற்பதில்லை. படித்தது இன்னும் விளங்கவில்லை என்பதன் அடையாளம் அது என்கிறார். தண்டனை பயத்தில் மேற்கோள் குறியைச் சரியாக இடக் கற்றுக்கொண்டவர், படிக்கக் கற்றுக்கொண்டவர் ஆகிவிடமாட்டார் என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

எழுதும் கட்டத்தில் பெரிதும் உதவுவது மெய்யியலாளர் ஸ்டீஃபன் டூல்மின் 1958இல் வகுத்துத் தந்த வாத அமைப்பு. ஒருவர் ஒரு முடிவைச் சொல்கிறார். அதற்குத் தரவைக் காட்டுகிறார். அந்தத் தரவிலிருந்து அம்முடிவுக்குச் செல்ல இடம் தரும் பொதுக் கருத்து ஒன்று பெரும்பாலும் சொல்லப்படாமலே நடுவில் நிற்கிறது. முடிவையும் அதன் ஏதுவையும் எடுத்துக்காட்டையும் பிரித்துப் பார்க்கும் முறை மணிமேகலையின் அளவையியல் பகுதியைப் படித்த தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. டூல்மின் அழுத்தம் கொடுப்பது சொல்லப்படாத அந்த நடுப்பகுதிக்கு. மிச்சிகன் அதிகாரிகளின் தரவில் பொய் எண் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அஞ்சல் குறியீடும் குடிநீர் எல்லையும் ஒன்றே என்ற சொல்லாத அனுமானம்தான் பொய்யாக இருந்தது. சக மாணவரின் வரைவைப் படித்து அதில் மறைந்து நிற்கும் இத்தகைய அனுமானங்களைக் குறித்துத் தருவது வகுப்பின் இன்றியமையாத பணி. வரைவை எழுதிப் பார்க்கும்போதுதான் தம் கருத்தில் உள்ள ஓட்டை எழுதியவருக்கே தெரிகிறது; ஆகவே ஆராய்ந்து முடித்துவிட்டுக் கடைசியில் எழுதலாம் என்ற திட்டம் ஏறக்குறைய எப்போதும் தோற்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, வரைவை இயந்திரத்திடம் எழுதி வாங்குவது எளிதாயிற்று. இல்லாத கட்டுரைகளை இருப்பதாக மேற்கோள் காட்டும் பழக்கம் அவ்வியந்திரங்களுக்கு உண்டு. இறுதி ஆய்வேட்டுக்கு மட்டும் மதிப்பெண் தரும் பாடங்கள் இதனால் தடுமாறுகின்றன. கேள்வி மாறிய வரலாற்றையும் கைவிட்ட வரைவுகளையும் வாய்மொழித் தேர்வையும் முன்பிருந்தே மதிப்பிட்டு வந்த பாடங்கள் அவ்வளவாகத் தடுமாறவில்லை.

இந்தியாவில் இம்முறை வடிவம் பெறுவது பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டு இளநிலைப் படிப்புக்கான வரைமுறையின் வழியே. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது அது. ஸ்வார்த்மோரின் வழிதான் இது, ஊஸ்டரின் வழியன்று. மனப்பாடத்துக்கு மதிப்பெண் தரும் தேர்வுகளில் முந்தியவரையே கேள்வி கேட்கத் தகுதியானவராகத் தேர்வது பொருந்தாத அளவுகோல். எல்லோருக்கும் திறந்துவிடுவதில் உள்ள தடையும் உண்மையானது: ஊஸ்டரில் மாணவர் ஒருவர் தம் நெறியாளரைத் தனியே தொடர்ந்து சந்திக்கிறார், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகளை ஓட்டும் அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் அவ்வளவு நேரத்துக்கு வழியில்லை. அங்கே போர்ட்லாந்தின் குழு முறை கூடுதலாகப் பொருந்தும்: வேதியியல், பொருளியல், தமிழ், புவியியல் மாணவர்கள் சிலர் சேர்ந்து, தம் ஊரின் ஏரியைப் பற்றியோ நகராட்சியின் குடிநீர்ப் பதிவேட்டைப் பற்றியோ ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளலாம், அதை வழிநடத்தும் ஆசிரியருக்கு அந்த நேரம் பாடவேளையாகக் கணக்கிடப்பட வேண்டும்.