விருந்துக்குச் செம்புப் பாத்திரம் வாங்கப் போறீங்களா? சாம்பாரை அதில் ஊற்றும் முன் இதைப் படிங்க

புனேயின் வானவடியில் இருக்கும் தமிழ்க் குடும்பமா நீங்கள்? தன்தேரஸ் நாளில் பாத்திரம் வாங்கும் மராத்தியர் வழக்கம் இதற்குள் உங்களுக்கும் ஒட்டியிருக்கும். ஸ்டீல் வேண்டுமென்றால் துளசிபாக். செம்பு வேண்டுமென்றால் கஸ்பா பேட்டையில் உள்ள தாம்பட் ஆளி, அதாவது கன்னார் தெரு. பேஷ்வா காலத்தில் கொங்கணிலிருந்து வந்து குடியேறிய கைவினைஞர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் சுத்தியலால் செம்பைத் தட்டி வடிவம் கொடுக்கிறார்கள்.

விருந்தாளிகள் முன் வைத்தால் அழகுதான். ஆனால் புளி ஊற்றிய சாம்பாரை அதில் வைக்கலாமா?

வாங்கும் முன் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். எதில் சமைப்பீர்கள்? எதில் பரிமாறுவீர்கள்? மிச்சத்தை எதில் வைப்பீர்கள்? மூன்றுக்கும் ஒரே பாத்திரம் பதிலாக இருக்க வேண்டியதில்லை.

செம்பு, பித்தளையில் என்ன சிக்கல்?

புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர் எல்லாமே அமிலத்தன்மை கொண்டவை. பூச்சு இல்லாத செம்பு, பித்தளையில் இவை பட்டால் உலோகம் உணவில் கரையும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: சட்னி, சாம்பார் போன்றவற்றை அலுமினியம், இரும்பு, பூச்சில்லாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைத்திருப்பது பாதுகாப்பானது அல்ல.

அதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசுகிறார்கள். மராத்தியில் கல்ஹை. உள்பக்கம் எங்காவது செம்பின் சிவப்பு தெரிந்தால், மறுபடி பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பூசிய பாத்திரத்தைக் காலியாக அடுப்பில் வைக்காதீர்கள். இந்த உலோகம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

எந்த ஈயம்?

தமிழில் 'ஈயம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பூச்சுக்கும் நம் ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கும் உரியது வெள்ளீயம். காரீயம் நச்சு. அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் விலை மலிவு என்பதற்காகத் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள், பூசவும் கொடுக்காதீர்கள்.

இது பழங்காலப் பிரச்சினை மட்டுமல்ல. இறக்குமதியான சில அலுமினியம், பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கலக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது.

ஸ்டீல்: காந்தம் ஒட்டலைன்னா நல்லதா?

கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாதிதான் சரி. 304 ரக ஸ்டீலில் சுமார் 18% குரோமியம், 8% நிக்கல் இருக்கும், காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை ஸ்டீலிலும் ஒட்டாது. இன்டக்‌ஷன் அடுப்புக்கோ, காந்தம் ஒட்டும் அடிப்பாகம்தான் தேவை. ஆக, காந்தத்தை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

அதைவிட உபயோகமானது, பாத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பது. 2024 மார்ச் 14 அன்று வெளியான தரக் கட்டுப்பாட்டு ஆணை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியது. ஸ்டீலுக்கான தர எண் ஐஎஸ் 14756, அலுமினியத்துக்கு ஐஎஸ் 1660. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஆன்லைனில் வாங்கினால்?

அங்கேயும் முத்திரையைப் பாருங்கள். தரமில்லாத பிரஷர் குக்கர்களை விற்க அனுமதித்ததற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃப்ளிப்கார்ட் இரண்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசானில் விற்றவை 2,265 குக்கர்கள், ஃப்ளிப்கார்ட்டில் 598.

அப்போ, எதை எதில் வைப்பது?

- சாம்பார், ரசம், புளிக்குழம்பு: ஸ்டீல் அல்லது மண்சட்டியில் சமைக்கலாம்.
- தோசை, வறுவல்: இரும்பு நல்லது. ஆறியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.
- நான்ஸ்டிக்: காலியாகச் சூடாக்க வேண்டாம். 170 டிகிரிக்கு மேல் சூடானால் ஆபத்து என்கிறது அதே ஊட்டச்சத்து வழிகாட்டுதல். கீறல் விழுந்தால் மாற்றிவிடுங்கள்.
- மெலமைன் தட்டு: பரிமாற மட்டும். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது.
- மிச்சம்: கண்ணாடி அல்லது ஸ்டீல்.

தாம்பட் ஆளி செம்புக்கும் மேசையில் இடம் உண்டு. பூச்சு நன்றாக இருந்தால் சாதமோ பொங்கலோ அதில் பரிமாறுங்கள். சாம்பார் மட்டும் பக்கத்திலுள்ள ஸ்டீல் வாளியிலேயே இருக்கட்டும்.